ஆடுவோர் காலும் வாசிப்போர் கையும்

மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர் பலருக்கு, திருப்பதியில் இறங்கிச் செல்லாமல் ஊர்ப் பயணம் முற்றுப்பெறுவதில்லை. அவ்வாறு மே மாதத்தில் வருவோர், மலையேறும் முன்னரே கீழ்த்திருப்பதித் தெருக்களில் வியப்பான காட்சியொன்றைக் காண நேரிடும். ஆடவர் பலர் சேலை உடுத்து, பூச்சூடி, வளையல் அணிந்து செல்வர். வேறு சிலர் உடலெங்கும் வெண்மண்ணோ குங்குமமோ கரியோ பூசியிருப்பர். அவர்களுக்கு முன்னே தோற்கருவிகள் முழங்கும். அம்முழக்கத்துக்கு இசையக் கால்கள் ஆடும். இதுவே தாத்தய்யகுண்டா கங்கம்மன் ஜாத்திரை. சித்தூர் நகரிலும் நடுவீதி கங்கம்மனுக்கு இவ்வாறே கோடையில் ஜாத்திரை நடைபெறுகிறது.

ஆடுவோருக்கு இசை தருவோர் யாவர், அவர்தம் தொழில் எத்தகையது, அவ்விடத்தில் இயந்திரம் புகுந்தபின் நேர்வது என்ன என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள். அதற்கு வேண்டிய அளவில் கதையையும் சிறிது அறிதல் நலம்.

கங்கம்மன் வேங்கடவனுக்குத் தங்கை முறை என்பது ஊரார் நம்பிக்கை. ஜாத்திரையின்போது தமையன் வீட்டுச் சீராகத் திருமலைத் தேவஸ்தானத்திலிருந்து சேலையும் மஞ்சள் குங்குமமும் வருகின்றன. அவிலாலா என்னும் சிற்றூரில் அம்மன் குழவியாகக் கிடைத்தாள் என்றும், கைக்கால குலத்தார் எடுத்து வளர்த்தனர் என்றும் கூறுவர். பெண்களுக்குக் கொடுமை இழைத்த பாளையக்காரன் ஒருவன் அவளுக்கு அஞ்சி ஒளிந்துகொண்டான். அவனைத் தேடி அவள் நாளொரு வேடம் பூண்டாள்; இறுதியில் துரை வேடத்தில் வந்தபோது அவன் வெளிப்பட்டான், தலையிழந்தான். பைராகி, தோட்டி, துரை, மாதங்கி முதலிய அவ்வேடங்களையே மக்கள் இன்றும் புனைகின்றனர்.

இவ்வேடங்களுக்கு உயிர் தருவன தோற்கருவிகள். தெலுங்கில் டப்பு என்றும், தமிழில் பறை அல்லது தப்பு என்றும் வழங்குவது வட்டச் சட்டத்தில் தோலை இழுத்துப் போர்த்திய கருவி. வாசிப்பவர் அதனைத் தோளில் மாட்டி, ஒரு கையில் தடித்த குட்டைக் குச்சியும் மறு கையில் மெல்லிய நீண்ட குச்சியும் கொண்டு அடிப்பார். தடித்த குச்சி தாளத்தின் நடையை நிறுத்தும். மெல்லிய குச்சி இடைவெளிகளை நிரப்பும். ஈரக் காற்றில் தோல் தளர்ந்து ஒலி மங்கும். ஆதலின் வைக்கோலைக் கொளுத்தி அனலில் காட்டித் தோலை விறைக்கச் செய்வர். பம்பை என்பது ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்துக் கட்டிய இரு முழவுகள். அம்மன் கோயில்களுக்கு உரியது. நாகசுரமும் தவிலும் கோயிற் புறப்பாட்டுக்கு உரியவை. தவிலை இப்பகுதியினர் டோலு என்பர். திருப்பதித் தேவஸ்தானம் இவ்விரண்டையும் கற்பிக்கத் தனிப் பள்ளியே நடத்திவருகிறது.

இக்கருவிகளின் பெருமை அவற்றின் ஒலியில் மாத்திரம் இல்லை. வாசிப்பவரின் கண் எப்போதும் ஆடுபவரின் காலின்மேல் இருக்கும். ஆடுபவர் தளர்ந்தால் நடை தணியும். ஆவேசம் கொண்டால் நடை முடுகும். ஆட்டக்காரர் ஒரு வீட்டு வாசலில் நின்றுவிட்டால், அவர் மீண்டும் காலெடுக்கும் வரையில் அதே அடியைத் திரும்பத் திரும்ப வாசித்துக் காத்திருப்பார் வாத்தியக்காரர். தெரு குறுகினால் ஒலி அடங்கும்; சந்தி வந்தால் விரியும். இதற்கு எழுதி வைத்த குறிப்பு ஏதுமில்லை. தந்தையின் அருகே நடந்து மகன் கற்பதே பாடம்.

திருமலையில் பிரம்மோற்சவ ஒன்பது நாட்களிலும் வாகனங்களுக்கு முன் கோலாட்டக் குழுக்களும் செக்க பஜனைக் குழுக்களும் ஆடிச் செல்வதை நேயர்கள் கண்டிருக்கலாம். செக்க பஜனையில் ஆடுவோர் ஒவ்வொருவர் கையிலும் மரத்தாலான சப்பளாக்கட்டைகள் இருக்கும். அங்கே ஆடும் கால் வேறு, தாளமிடும் கை வேறு என்பதில்லை; இரண்டும் ஒருவருடையனவே. ஆடலும் இசையும் ஒன்றையொன்று கேட்டு நடக்கவேண்டும் என்னும் நெறிக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி இயந்திரத்துக்கு வருவோம். வண்டியொன்றில் பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி, கணிப்பொறியில் சேமித்த பாடல்களை முழங்கவிடுவோரை இன்று ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் டி.ஜே. என்கின்றனர். இது டிஸ்க் ஜாக்கி என்பதன் சுருக்கம். டிஸ்க் என்பது இசைத்தட்டு. ஜாக்கி என்பவர் பந்தயக் குதிரை ஓட்டுபவர். ஆகவே தட்டுச் சவாரிக்காரர் என்று மொழிபெயர்த்தால் பிழையாகாது. அமெரிக்க வானொலியில் இசைத்தட்டுகளைத் தேர்ந்து ஒலிபரப்பியவர்களுக்கே முதலில் இப்பெயர் வழங்கிற்று. நம் நாட்டில் 1957 அக்டோபர் 3ஆம் நாள் தொடங்கிய விவித பாரதி, கேட்போர் விரும்பிய தட்டுகளை ஒலிக்கச் செய்து வீடுதோறும் புகுந்தது. எனவே வானொலிக்காக எழுதுகின்ற நாம் இசைத்தட்டை இகழ்தல் பொருந்தாது. தட்டுக்கு உரிய இடம் எது என்பதே வினா.

இவ்வினாவுக்கு விடை கூறும் அனுபவம் கடல் கடந்த ஓரிடத்தில் கிடைக்கிறது. நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் சவாய் என்னும் நடனக் கூடம் 1926இல் திறக்கப்பட்டது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடிய அரிய இடம் அது. ஸ்விங் எனப்பட்ட ஜாஸ் இசைக்கு அங்கு ஆடப்பட்ட இணையாட்டம் லிண்டி ஹாப் எனப் பெயர் பெற்றது. கூடத்தில் மேடைகள் இரண்டு. ஒரு வாத்தியக் கோஷ்டி ஓய்ந்தவுடன் மற்றது தொடங்கும். 1937 மே 11ஆம் நாள், அக்கூடத்தின் முரசு வித்தகர் சிக் வெப்பின் கோஷ்டியும், நாடறிந்த பென்னி குட்மனின் கோஷ்டியும் எதிரெதிரே நின்று போட்டியிட்டன. வெப் வென்றார் என்பதே கூடியிருந்தோர் தீர்ப்பு. இரவுதோறும் அத்தளத்தில் ஆடியவர்களின் கால்களை அறிந்த கை அவருடையது.

சவாய் 1958இல் மூடப்பட்டது. அக்கூடத்தின் தலைசிறந்த ஆட்டக்காரரான பிராங்கி மேனிங் அஞ்சலகப் பணியில் அமர்ந்து வாழ்ந்தார். 1980களில் இளைஞர் சிலர் அவரைத் தேடிச் சென்று ஆட்டத்தைக் கற்றனர். ஆட்டம் மீண்டும் உலகெங்கும் பரவியது. இன்று பல நாடுகளில் வெள்ளி மாலை முதல் ஞாயிறு வரையில் ஸ்விங் நடனக் கூட்டங்கள் நடத்துகின்றனர். அவற்றின் ஏற்பாடு கவனிக்கத்தக்கது. பகலில் பாடம், இரவில் ஆட்டம். இரவின் முதன்மையான பொழுது வாத்தியக் கோஷ்டிக்கே உரியது. அது முக்கால் மணியோ ஒரு மணியோ வாசித்து ஓயும்போது, டி.ஜே. பழைய தட்டிசையைத் தொடுத்துத் தளம் வெறிச்சோடாமல் காப்பார். நள்ளிரவுக்குப் பின் விடியும் வரையில் பெரும்பாலும் அவரே பொறுப்பேற்பார்.

அவர் பணியும் எளிதன்று. பழைய 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிஷமே ஓடும். ஆகவே அக்காலத்துப் பாடல்கள் அந்த அளவிலேயே அமைந்தன. ஓர் இணை ஆடி முடித்து வேறு இணை சேர அது பொருத்தமாகவும் வாய்த்தது. நிமிஷத்துக்கு 120 தட்டு செல்லும் பாடலும் உண்டு. 200 தட்டைக் கடப்பதும் உண்டு. விரைவான பாடல்கள் இரண்டு மூன்றை அடுத்தடுத்து இட்டால் ஆடுவோர் சோர்வர். மெல்லியனவே தொடர்ந்தால் உற்சாகம் குன்றும். ஆகவே நல்ல டி.ஜே. தளத்தை நோக்கியவாறே அடுத்த பாடலைத் தேர்கிறார். எனினும் தொடங்கிவிட்ட பாட்டை அவர் ஆடுபவருக்காக வளைக்க இயலாது. அடுத்ததைத் தேர்வது வரையில்தான் அவர் அதிகாரம். நடுவிலேயே வளைந்து கொடுப்பது கைவாத்தியம் ஒன்றே.

நம் ஊர்வலங்களில் நிகழ்வதற்கும் இதற்கும் வேறுபாடு இங்கேதான் உள்ளது. அங்கே தட்டு வாத்தியக்காரருக்கு ஓய்வு தருகிறது. இங்கே பல இடங்களில் அவருக்கு விடையே கொடுத்துவிடுகிறது. திருமண ஊர்வலத்திலும் திருவிழாவிலும் ஒலிபெருக்கி வண்டி வந்த இடத்தில் தப்புக்காரரின் ஓசை கேட்பதில்லை. பிறகு அவரை அழைப்பதும் நின்றுவிடுகிறது. ஆண்டில் சில மாதங்களே வேலை கிட்டும் தொழிலில் இரண்டொரு அழைப்புக் குறைந்தாலும் மகன் வேறு வேலை தேடிச் செல்வான். மகன் சென்றால் பாடமும் அவனோடு போகும். காலைப் பார்த்து வாசிக்கும் அக்கலை ஒலிப்பதிவில் தங்குவதன்று. பதிவில் ஒருநாள் வாசித்தது மாத்திரமே தங்கும்.

ஒலியின் அளவும் சிந்தனைக்குரியது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என வரம்பு விதிக்கின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையில் ஒலிபெருக்கியும் முரசும் முழங்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு இடமுண்டு. சட்டம் தோலுக்கும் மின்கருவிக்கும் பொதுவே. ஆயினும் மனிதர் கை சோரும், ஓயும், மின்கருவிக்கு ஓய்வில்லை. ஆகவே அதனை அடக்கும் பொறுப்பு அழைத்தவரைச் சார்ந்தது.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் தம் சங்கங்களிலும் கோயில்களிலும் பொங்கலும் ஆடித் திருவிழாவும் நடத்துகின்றனர். ஊரிலிருந்து வாத்தியக்காரரை வரவழைத்தல் செலவுள்ள காரியமே. நால்வருக்குப் பயணச் செலவும் தங்குமிடமும் வேண்டும். ஒலிபெருக்கிக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். எனினும் இரண்டையும் பகைமையாகக் கொள்ள வேண்டியதில்லை. அம்மன் புறப்பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் வாத்தியக்காரரை முன்னே நிறுத்துவோம். அவர் அமர்ந்து நீர் அருந்தும் அரைமணி நேரத்துக்குத் தட்டிசையை வைத்துக்கொள்வோம். நம் பிள்ளைகள் அவர் அருகில் நிற்கட்டும். தோல் ஏன் அனலில் காட்டப்படுகிறது என்று அவர்கள் கேட்பார்கள். அவர் காட்டிக் கொடுப்பார். ஆடத் துணிந்தவன் கால் தவறினால், அவர் அவனுக்காக ஓர் அடி காத்திருந்து வாசிப்பார். அந்த ஓர் அடியை நம் பிள்ளைகள் ஒருமுறையேனும் உணர்ந்திருக்க வேண்டும்.