சுரைக்கொடி வாடினால் தண்ணீர்தான் மருந்தா?

தில்லியில் தரைத்தளத்துக் குவார்ட்டர்ஸ் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். பின்புறத்தில் பத்தடிக்குப் பத்தடி மண் இருந்தால் போதும். நம்மவர்கள் அதில் ஒரு கருவேப்பிலைக் கன்றும், இரண்டு சுரைக்கொடியும், ஒரு பூசணியும் வைத்துவிடுவார்கள். மாடியில் இருப்பவர்களும் சளைத்தவர்கள் அல்லர். பழைய டிரம், சிமெண்டுத் தொட்டி, மண் நிரப்பிய சாக்கு என்று எதிலாவது ஒரு கொடியை ஏற்றிவிடுகிறார்கள். இங்குள்ள காய்கறிக் கடையில் லௌக்கியும் சீதாபலும் தாராளமாகக் கிடைத்தாலும், நம் வீட்டுக் கொடியில் பறித்த காயில் வைக்கும் கூட்டுக்கு ஈடு உண்டா?

நான் தோட்டக்கலை படித்தவன் அல்லன். பல ஆண்டுகளாகக் கொல்லையில் கொடி வளர்ப்பவன், அவ்வளவே. ஆனால் ஏப்ரல் பிறந்துவிட்டால் நம் அன்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "சார், காலையிலும் சாயங்காலமும் தண்ணீர் விடுகிறேன். ஆனாலும் கொடி வாடுகிறதே, ஏன்?" இந்தக் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது என்பதை விளக்கவே இக்கட்டுரை.

வாட்டம் என்பது என்ன?

சுரை, பூசணி, பீர்க்கு, வெள்ளரி எல்லாம் ஒரே குடும்பம். இப்போது கடைகளில் காணும் சுக்கினியும் இதே குடும்பம்தான். இவற்றின் இலை அகலமானது. வெயில் ஏற ஏற, இலையிலுள்ள நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த இழப்பை வேர் ஈடுகட்ட வேண்டும். ஈடுகட்ட முடியாதபோது இலை துவள்கிறது.

வேர் ஏன் ஈடுகட்டவில்லை என்பதற்குக் காரணங்கள் பல. மண்ணில் ஈரம் இல்லாமல் இருக்கலாம். மண்ணில் நீர் தேங்கி, வேருக்குக் காற்றுக் கிடைக்காமல் அது அழுகியிருக்கலாம். வேரைப் புழு தின்றிருக்கலாம். தண்டுக்குள் நீர் ஏறும் குழாய்களைப் பூஞ்சணம் அடைத்திருக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் வெளித்தோற்றம் ஒன்றே: தொங்கிய இலை. தாகத்தால் வாடும் கொடியும், தண்ணீரில் மூழ்கி மூச்சுத் திணறும் கொடியும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். முன்னதற்குத் தண்ணீர் மருந்து. பின்னதற்கு அதுவே நஞ்சு. ஆகவே வாடிய கொடியைக் கண்டவுடன் வாளியைத் தூக்காமல், கீழ்க்கண்ட கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: எப்போது வாடுகிறது?

மே மாதத்தில் தில்லியின் வெப்பம் 45 டிகிரியைத் தொடும். கூடவே 'லூ' என்னும் அனல் காற்று. பிற்பகல் இரண்டு மணிக்கு, மண்ணில் நல்ல ஈரம் இருந்தாலும் கொடி துவளத்தான் செய்யும். மாலையில் வெயில் தாழ்ந்ததும் தானே நிமிர்ந்துகொள்ளும். இது நோய் அன்று. இலை தொங்கும்போது அதன்மேல் விழும் வெயிலும் குறைகிறது. எனவே பகல் வாட்டத்தைக் கண்டு பதற வேண்டாம்.

பார்க்க வேண்டிய நேரம் விடியற்காலை. இரவு முழுவதும் இளைப்பாறிய பின்பும், காலை ஆறு மணிக்கு இலை தொங்கிக் கிடந்தால்தான் உண்மையான தொல்லை. அப்போது அடுத்த கேள்விக்குப் போங்கள்.

இரண்டாவது கேள்வி: மண் எப்படி இருக்கிறது?

ஆள்காட்டி விரலைக் கொடியின் தூரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மண்ணுக்குள் இரண்டு அங்குலம் இறக்கிப் பாருங்கள். மேல்மண் காய்ந்தும் உள்மண் ஈரமாகவும் இருப்பது வழக்கம். ஆகவே கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

உள்ளேயும் காய்ந்திருந்தால், தண்ணீர் போதவில்லை என்று பொருள். நாள்தோறும் இரண்டு குவளை தெளிப்பதைவிட, இரண்டு நாளுக்கு ஒருமுறை வேர் வரை இறங்கும்படி நிறைய விடுவது மேல். மேலாகத் தெளித்தால் வேரும் மேலேயே படரும். அனல் காற்றில் முதலில் தவிப்பது அந்த வேர்தான். தூரைச் சுற்றி உலர்ந்த இலை அல்லது வைக்கோல் மூடாக்கு இடுங்கள். மாடித் தொட்டிக்கு மட்டும் கோடையில் தினமும் தண்ணீர் தேவைப்படும். தொட்டியின் வெளிப்புறத்தில் ஈரச் சாக்கைச் சுற்றிவிட்டால் வேர் வேகாமல் தப்பும்.

உள்ளே சேறாக இருந்தால், தண்ணீரை உடனே நிறுத்துங்கள். தொட்டியானால் அடியிலுள்ள துளை அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். தரையானால் தூரைச் சுற்றி மண்ணை மெல்லக் கொத்திவிட்டு, நீர் வடிய ஒரு சிறு வாய்க்கால் வெட்டுங்கள். வேர் முற்றிலும் அழுகாதிருந்தால் நான்கைந்து நாளில் கொடி தெளியும். ஜூன் கடைசியில் மழை தொடங்கிய பிறகு வைக்கும் விதையைக் குழியில் போடாமல், அரையடி உயர மேட்டில் ஊன்றுவது நல்லது.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று பெரும்பாலான வீடுகளில் ஆர்.ஓ. கருவி இருக்கிறது. அதிலிருந்து வெளியேறும் கழிவுநீரை வீணாக்கலாகாது என்று பலர் செடிக்கு ஊற்றுகிறார்கள். எண்ணம் நல்லதே. ஆனால் குழாய்நீரில் இருந்த உப்பெல்லாம் அந்தக் கழிவுநீரில் செறிந்து நிற்கிறது. தில்லியில் பல பகுதிகளின் நிலத்தடி நீர் இயல்பாகவே உவர்ப்பு. அந்த நீரைச் சுத்திகரித்த பின் மிஞ்சுவதைத் தொட்டிக்குத் தினமும் விட்டால், மண்ணில் வெள்ளைப் பொருக்குப் படியும்; இலையின் ஓரம் கருகும்; ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாமல் கொடி வாடும். அந்த நீரைத் தரை கழுவ வைத்துக்கொண்டு, செடிக்கு நல்ல தண்ணீரே விடுங்கள். ஏற்கெனவே உப்புப் படிந்த தொட்டியில், அடித்துளை வழியே வடியுமாறு இரண்டு மூன்று வாளி நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிடலாம்.

மூன்றாவது கேள்வி: எந்தப் பாகம் வாடுகிறது?

ஒரே ஒரு கிளை மட்டும் வாடினால் பழுது பெரும்பாலும் அந்தக் கிளையிலேயே இருக்கும். அந்தக் கிளையைத் தூர் வரை தடவிப் பாருங்கள். நசுங்கியோ, எலி கடித்தோ, பிசின் கசிந்தோ இருக்கும். அதை வெட்டி அப்புறப்படுத்தினால் போதும்.

கொடி முழுவதும் வாடி, மண்ணில் ஈரமும் சரியாக இருந்தால், பழுது வேரிலோ அடித்தண்டிலோ இருக்கிறது. வெளிநாட்டுப் புத்தகங்களில் இதற்குத் தண்டைத் துளைக்கும் ஓர் அந்துப்பூச்சியைக் காரணம் காட்டுவார்கள். அது அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. நம் நாட்டில் முதலில் சந்தேகிக்க வேண்டியது பூசணிச் சிவப்பு வண்டை. அரை அங்குலத்துக்கும் குறைவான ஆரஞ்சுச் சிவப்பு வண்டு. இளங்கன்றின் விதையிலைகளைச் சல்லடையாக்குவது வண்டு. மண்ணுக்குள் இருந்து வேரையும் அடித்தண்டையும் குடைவது அதன் புழு. காலைக் குளிரில் வண்டு சோம்பிக் கிடக்கும். அப்போது பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். கன்றுக்கு நான்கைந்து இலை வரும்வரை பழைய கொசுவலைத் துண்டால் மூடி வைப்பது இன்னும் எளிது. காய்ப்பு முடிந்ததும் மண்ணைக் கொத்திப் புரட்டி வெயிலில் காயவிட்டால், உள்ளிருக்கும் புழுவும் கூட்டுப்புழுவும் பறவைக்கு இரையாகும்.

நாள்பட நாள்பட வளர்ச்சி குன்றி, மஞ்சளித்து வாடும் கொடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் ஜவ்வரிசி கோத்ததுபோல் முடிச்சுகள் இருந்தால் அது நூற்புழுவின் வேலை. குழிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு இட்டு வந்தால் அதன் பெருக்கம் மட்டுப்படும். அந்த இடத்தில் ஒரு பருவம் துலுக்கச் சாமந்தி வைப்பதும் பலன் தரும். இங்கே 'கேந்தா' என்று மாலை கட்டி விற்கிறார்களே, அதுதான்.

பிடுங்கிய கொடியின் அடித்தண்டை நீளவாக்கில் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடுகள் ஓடுகின்றனவா? அப்படியானால் ஃபுசேரியம் என்னும் மண்பூஞ்சணம் குழாய்களை அடைத்திருக்கிறது. வந்த கொடிக்கு மருந்தில்லை. அதை எருக்குழியில் போடாமல் அப்புறப்படுத்திவிட வேண்டும். அந்த மண்ணில் மூன்று நான்கு ஆண்டுகளுக்குச் சுரைக் குடும்பத்தை வைக்காமல், வெந்தயக்கீரை, முள்ளங்கி என்று மாற்றிப் போடுங்கள். புதுக் குழியில் டிரைகோடெர்மா விரிடி கலந்த மக்கிய எருவை இடுவது முன்காப்பு. 1920-களில் ஜப்பானியர் இந்த நோய்க்கு ஒரு வழி கண்டனர்: தர்ப்பூசணியைச் சுரைக்கன்றின் வேர்மேல் ஒட்டுக் கட்டினார்கள். தர்ப்பூசணியைத் தாக்கும் பூஞ்சண வகை சுரையின் வேரை ஒன்றும் செய்வதில்லை. நம் சுரைக்கு இப்படியும் ஒரு பெருமை!

பிழைத்த கொடியின் காய்

மேற்கண்ட வைத்தியத்தால் கொடி பிழைத்துக் காய்த்தும்விட்டது என்று வையுங்கள். இனிச் சொல்வதை இல்லத்தரசிகளும் சர்க்கரை நோய்க்கென்று சுரைச்சாறு குடிக்கும் பெரியவர்களும் கவனமாகப் படிக்க வேண்டும்.

சுரைக் குடும்பத்தில் குக்கர்பிட்டசின் என்னும் கசப்புப் பொருள் உண்டு. உண்ணும் வகைகளில் அது மிகக் குறைவு. கடும் வெப்பத்திலும் நீர்ப்பஞ்சத்திலும் கொடி தவித்தால் அது காயில் பெருகக்கூடும். 2010-ஆம் ஆண்டு தில்லியில், கசந்த சுரைச்சாற்றைக் குடித்த ஒருவர் உயிரிழந்தார். அதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து இதை ஆராய்ந்தது. கசக்கும் சாற்றைக் குடிக்கவே கூடாது என்பதே அதன் அறிவுரை.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. சுரைக்காயை நறுக்கியதும் நுனியில் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காய் முழுவதையும் எறிந்துவிடுங்கள். சமைத்தாலும் அந்தக் கசப்பு போகாது. சர்க்கரையோ எலுமிச்சையோ சேர்த்து மறைக்கவும் கூடாது. "நம் கொல்லையில் காய்த்ததாயிற்றே" என்று தயங்க வேண்டாம். அருந்திய பின் வாந்தியோ வயிற்றுவலியோ வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். என்ன அருந்தினோம் என்பதை டாக்டரிடம் மறவாமல் சொல்லுங்கள். பாகற்காயின் கசப்பு வேறு பொருள்களால் வருவது; பிட்லைக்குத் தடையில்லை!

வட இந்தியச் சமவெளியில் சுரைக்கும் பூசணிக்கும் ஆண்டுக்கு இரண்டு பருவம்: பிப்ரவரி-மார்ச் ஒன்று, ஜூன்-ஜூலை ஒன்று. ஊரில் நாம் பழகிய ஆடிப்பட்டத்துக்கு இரண்டாவது பருவம் ஏறக்குறைய ஒத்துவரும். விதை வேண்டுவோர் பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் விசாரிக்கலாம். 'பூசா நவீன்' சுரையும் 'பூசா விசுவாஸ்' பூசணியும் அங்கு உருவானவையே. கோடையில் ஒரு கொடி போய்விட்டாலும், காரணம் தெரிந்துகொண்டால் மழைக்காலத்தில் வேறிடத்தில் விதை ஊன்றிப் பறிக்கலாம். அடுத்த முறை கொடி வாடும்போது மறுநாள் காலை வரை பொறுங்கள், விரலை மண்ணில் வைத்துப் பாருங்கள், வாளி அதற்கப்புறம்.