மிச்சம் வைத்த வேகம்

2016 மே மாதம். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், என்விடியா நிறுவனத்தின் தலைவர் ஜென்சன் ஹுவாங் ஜிடிஎக்ஸ் 1080 என்ற புதிய கிராபிக்ஸ் கார்டை மேடையில் ஓட்டிக் காட்டினார். நிறுவனம் அறிவித்த பூஸ்ட் வேகம் 1,733 மெகாஹெர்ட்ஸ். மேடையில் அது 2,100-ஐத் தாண்டி ஓடியது. குளிரூட்டத் திரவ நைட்ரஜன் எதுவும் இல்லை, வெறும் காற்றாடிதான். சூடும் 67 டிகிரியில் நின்றது. விற்பவரே, தான் எழுதிக்கொடுத்த எண்ணைத் தாண்டி ஓட்டிக் காட்டுகிறார் என்றால், அந்த எண்ணுக்கு என்னதான் பொருள்?

கைமாறும் செங்கல்

1,733 மெகாஹெர்ட்ஸ் என்பது சிப்புக்குள் வினாடிக்கு 173 கோடியே 30 லட்சம் தடவை விழும் தாளம், அதாவது துடிப்பு. கட்டட வேலையில் ஆட்கள் வரிசையாக நின்று செங்கலைக் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் குரல் கொடுக்க, ஒவ்வொரு குரலுக்கும் கல் ஒரு கை மாறும். குரலை விரட்டினால் வேலையும் விரையும். ஆனால் வரிசையில் மெதுவான கை கல்லைப் பிடிப்பதற்குள் அடுத்த குரல் வந்துவிட்டால், கல் கீழே விழும்.

அந்தச் சிப்பில் 720 கோடி டிரான்சிஸ்டர்கள். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே மின்சமிக்ஞை ஒன்று பல டிரான்சிஸ்டர்களைக் கடந்து, 0 அல்லது 1 என்று உறுதியாக நிலைகொள்ள வேண்டும். கிடைக்கும் நேரம் அரை நானோவினாடிக்குச் சற்றே அதிகம். அதற்குள் ஒளியே 17 செ.மீ.தான் போகும். இருப்பதிலேயே மெதுவான பாதை எதுவோ, அதுதான் மொத்தச் சிப்பின் வேகத்தையும் தீர்மானிக்கிறது.

ஒரே சிலிக்கான் தகட்டில் பிறந்த சிப்புகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. விற்பனைக்குத் தேறிய சிப்புகளில் கடைசியாகத் தேறியதும், புழுக்கமான அறையில், தூசி அடைத்த பெட்டிக்குள், சில ஆண்டுகள் உழைத்த பிறகும் தவறாமல் ஓட வேண்டும். அதற்கு ஏற்றபடிதான் நிறுவனம் எண்ணைக் குறிக்கிறது. நல்ல சிப் வாய்த்தவருக்கு நிறைய வேகம் மிச்சம். இதைத்தான் 'சிலிக்கான் லாட்டரி' என்கிறார்கள். அந்த மிச்சத்தை எடுத்துச் செலவழிப்பதே ஓவர்கிளாக்கிங்.

கல் விழும் ஓசை

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளில் துடிப்பைச் சிறிது சிறிதாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் கனமான கேம் ஒன்றை ஓட்டிப் பார்ப்பார்கள். எல்லை நெருங்கும்போது திரையே சொல்லிவிடும். வானத்தில் பச்சைப் புள்ளிகள் மின்னும், சுவர்கள் முக்கோணங்களாகச் சிதறும். பிழை ஒரு புள்ளியின் நிறத்தில் விழுந்தால் அடுத்த காட்சியில் மறைந்துவிடும். கட்டளையிலேயே விழுந்தால் கார்டு உறைந்து நிற்கும். விண்டோஸ் 2 வினாடி பொறுத்துப் பார்த்து, கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை மறுபடி தொடங்கும்.

கார்டின் நினைவகத்துக்கான துடிப்பை ஏற்றுவதில் வேறொரு பொறி இருக்கிறது. பிழையைக் கண்டுபிடித்துத் தரவை மறுபடி கேட்டு வாங்கும் ஏற்பாடு பல கார்டுகளில் உண்டு. அதனால் எல்லை தாண்டினாலும் திரையில் எதுவும் தெரியாது. எண் ஏறியிருக்கும், கேமின் வேகமோ குறைந்திருக்கும்.

மெதுவான கையைச் சுறுசுறுப்பாக்க ஒரு வழி, மின்னழுத்தத்தைக் கூட்டுவது. டிரான்சிஸ்டர் விரைந்து மாறும். ஆனால் சிப் செலவிடும் மின்திறன் துடிப்புக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் ஏறுகிறது. இரண்டையும் 10 சதவீதம் கூட்டினால், 1.1 × 1.1 × 1.1, செலவு 33 சதவீதம் எகிறும். வேகம் கூடுவது அதிகம் போனால் 10 சதவீதம். கூடிய செலவு முழுவதும் சூடாகவே வெளிவரும். அந்தச் சூடும் அழுத்தமும் சேர்ந்து, சிப்பின் நுண்கம்பிகளில் உள்ள உலோக அணுக்களை மெல்ல மெல்ல நகர்த்தி, அதன் ஆயுளையும் குறைக்கின்றன.

கார்டே கண்டுகொண்டது

2012-ல் வந்த ஜிடிஎக்ஸ் 680-இல் என்விடியா 'ஜிபியு பூஸ்ட்' என்ற ஏற்பாட்டைச் சேர்த்தது. சூடும் மின்செலவும் வரம்புக்குள் இருக்கும்வரை கார்டு தானே துடிப்பை ஏற்றிக்கொள்ளும். ஆஸ்டினில் மேடையேறிய 1080-ம், யாரும் தொடாமலே 1,800-ஐத் தாண்டி ஓடக்கூடியது. முன்பு ஆர்வலர்கள் இரவெல்லாம் கண்விழித்துத் தேடிய மிச்சத்தில் பெரும்பங்கை, கார்டு இப்போது தானே எடுத்துக்கொள்கிறது.

அதனால் பலர் இன்று அதே மிச்சத்தை மறுபக்கம் திருப்பிவிட்டார்கள். நல்ல சிப்புக்குக் குறித்த வேகத்தில் ஓட, குறித்த அளவு மின்னழுத்தம் தேவைப்படாது அல்லவா? துடிப்பை 5 சதவீதமும் மின்னழுத்தத்தை 10 சதவீதமும் குறைத்தால், அதே கணக்குப்படி செலவு 23 சதவீதம் இறங்கும். இதற்குப் பெயர் அண்டர்வோல்டிங். தேடும் முறை பழையதுதான்: ஒரு படி நகர்த்து, ஓட்டிப் பார், புள்ளி மின்னுகிறதா என்று திரையைக் கவனி. ஒரு வித்தியாசம், இந்தத் தேடலில் காற்றாடியின் இரைச்சல் ஏறுவதில்லை, இறங்குகிறது.