ஒன்பது வாரம் முடிந்தது, ஓட்டம் முடியலாமா?

'நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்' என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அச்செல்வம் நம் பகுதியில் எத்துணைக் குறைந்து வருகிறது என்பதை 2023ஆம் ஆண்டு வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு எடுத்துக் காட்டியது. நாடு முழுவதும் நூற்றுக்கு 11.4 பேருக்கு நீரிழிவு நோய் இருக்க, புதுச்சேரியில் அவ்வளவு 26.3 ஆக இருந்தது. கோவாவுக்கு அடுத்த இடம் நமக்கே வாய்த்தது. நால்வருள் ஒருவர் நோயாளர் என்னும்போது, இச்செய்தி தொடாத இல்லம் வில்லியனூரிலோ பாகூரிலோ இருத்தல் அரிது.

இந்நிலையில், வைகறைப் பொழுதில் ஏரிக்கரைகளில் ஓடுவோரைக் காண்பது உள்ளத்திற்கு மகிழ்வூட்டுகிறது. காவலர் தேர்வுக்கும் படைத் தேர்வுக்கும் ஆயத்தமாகும் இளைஞர் சிலர். மருத்துவரின் அறிவுரையால் நடக்கத் தொடங்கி, பின்னர் ஓடவும் பழகியோர் சிலர். ஆயினும் இவ்விரு சாராரிடமும் ஒரு பொதுக்குறை உண்டு. தேர்வு முடிந்ததும் முன்னவர் நின்றுவிடுகின்றனர். வகுத்துக்கொண்ட பயிற்சிக் காலம் முடிந்ததும் பின்னவர் ஓய்ந்துவிடுகின்றனர். அந்த நாளுக்குப் பின் செய்ய வேண்டுவது யாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடக்கப் பயிற்சி

ஓடியறியாதவரை ஓட வைக்கும் பயிற்சிகளுள் உலகெங்கும் பரவியது, 1996ஆம் ஆண்டு அமெரிக்க இளைஞர் ஜோஷ் கிளார்க் வகுத்த ஒன்பது வாரத் திட்டமாகும். ஐம்பது அகவை கடந்த தம் தாயாரை ஓடப் பழக்கும் விருப்பமே அதற்குத் தூண்டுகோல் என்பர். வாரத்தில் மூன்று நாள் மட்டுமே பயிற்சி. முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் விரைந்து நடந்தபின், 60 நொடி மெல்லோட்டம், 90 நொடி நடை என மாறிமாறி 20 நிமிடம் செய்தல் வேண்டும். வாரந்தோறும் ஓட்டம் சிறிது கூடும், நடை குறையும். ஒன்பதாம் வார இறுதியில் 30 நிமிடமோ 5 கிலோமீட்டரோ இடைவிடாது ஓடும் வலிமை வந்துவிடும். பிற்காலத்தில் இங்கிலாந்தின் அரசுப் பொது மருத்துவத் துறையும் இம்முறையைத் தன் மக்களுக்குப் பரிந்துரைத்தது.

இத்திட்டத்தின் சிறப்பு அதன் படிமுறையில் உள்ளது. படிக்கட்டின் உச்சியை அடைந்தவர் அடுத்த படி எங்கே என்று அறியாது திகைப்பதே பின்வரும் சோர்வுக்குக் காரணம். சில வாரங்கள் முற்றிலும் நிறுத்தினால் ஈட்டிய திறன் தேயத் தொடங்கும். குருதியிலுள்ள சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் பயனும் மெல்ல மறையும்.

முதலில் நிலைபெறுதல்

முடித்தவர் உடனே தூரத்தையும் கூட்டலாகாது, விரைவையும் கூட்டலாகாது. மூன்று அல்லது நான்கு வாரங்கள் அதே மூன்று நாள், அதே 30 நிமிடம் என்று ஓடி வருதல் வேண்டும். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே உழைப்புக்குப் பழகிவிடும். எலும்பும், தசையை எலும்புடன் பிணைக்கும் தசைநாணும் பழகுவதற்கோ பல மாதங்கள் ஆகும். மூச்சு இடம் கொடுக்கிறதே என்று மிகுதியாக ஓடுவோர்க்குக் கெண்டைக்காலின் முன்னெலும்பும், முழந்தாளும், குதிகாலும் நோவது இவ்வேற்றுமையால்தான். மயிலிறகே ஆயினும் அளவிறந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்தில் காட்டும் உவமை ஈண்டும் பொருந்தும்.

ஓடும்போது பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச இயல வேண்டும். பேச்சு தடைப்பட்டால் விரைவு மிகுதி என்று அறிந்து குறைத்துக்கொள்ளலாம். 30 நிமிடத்தில் 5 கிலோமீட்டரை எட்டாதவர் வருந்த வேண்டுவதில்லை. நாலு கிலோமீட்டர் ஓடினும் பயன் உண்டு.

மூன்று வழிகள்

நிலைபெற்றபின் தம் நோக்கத்திற்கேற்ப மூன்று வழிகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

முதலாவது, உள்ளதைப் பேணுதல். கடுமையான உடலுழைப்பாயின் வாரத்திற்கு 75 முதல் 150 நிமிடம் வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2020ஆம் ஆண்டு வரையறுத்தது. மூன்று நாள் 30 நிமிடம் ஓடினால் 90 நிமிடம் ஆகிவிடுகிறது. இத்துடன் வாரத்தில் இரு நாள் உட்கார்ந்தெழுதல், தண்டால் போன்ற தசைப் பயிற்சிகளைச் சேர்த்துக்கொண்டால் போதும். நோய் தவிர்க்க ஓடுவோர்க்கு வாழ்நாள் முழுவதும் இதுவே நல்வழி.

இரண்டாவது, தூரத்தைக் கூட்டுதல். வாரத்தின் இரு நாள் ஓட்டத்தை 30 நிமிடமாகவே வைத்துக்கொண்டு, மூன்றாம் நாளை மட்டும் நீட்ட வேண்டும். முதல் மூன்று வாரம் 35, 40, 45 நிமிடம். நான்காம் வாரம் மீண்டும் 30. அடுத்து 50, 55, 60, பின் 40. அதன்பின் 65, 70, 75. ஒரு கிலோமீட்டரை ஏழரை நிமிடத்தில் கடப்பவர் இவ்வாறு மூன்று திங்களில் 10 கிலோமீட்டரை எட்டிவிடுவார். நான்காம் வாரக் குறைப்பைச் சோம்பல் என்று கருதித் தவிர்க்கலாகாது. உடல் தன்னைச் சீர்செய்துகொள்வது அவ்வாரத்தில்தான். நம் அண்மையிலுள்ள ஆரோவில்லில் 2008ஆம் ஆண்டு தொடங்கிய மாரத்தானில் 42.195 கிலோமீட்டருடன் 10 கிலோமீட்டர் ஓட்டமும் இடம்பெற்று வந்துள்ளது. பரிசை நாடாது ஓடும் இன்பத்தையே அது முன்னிறுத்துகிறது. தொடக்கநிலையைக் கடந்தவர்க்கு அத்தகையதொரு குறிக்கோள் ஊக்கம் தரும்.

மூன்றாவது, விரைவைக் கூட்டுதல். தேர்வுக்கு ஆயத்தமாகும் இளைஞர்க்கு இது தேவை. வாரத்தில் ஒரு நாள் மட்டும், பத்து நிமிட மெல்லோட்டத்திற்குப் பின் ஒரு நிமிடம் விரைவோட்டம், இரண்டு நிமிடம் நடை என ஆறு முறை செய்யலாம். தூரத்தையும் விரைவையும் ஒரே காலத்தில் கூட்டுவது காயத்தை அழைப்பதாகும்.

இடமும் காலமும்

தார்ச்சாலையைவிட மண்பாதை கால்களுக்கு இதமானது. பாகூர் ஏரிக்கரையும் ஊசுட்டேரிக் கரையும் அவ்வகையில் நமக்குக் கிடைத்த பேறுகள். ஊசுட்டேரி 2008 முதல் பறவைகள் புகலிடமாதலின் ஆரவாரமின்றி ஓடுதல் நம் கடமை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரை வழுக்கும், பாம்பும் ஊரும். அந்நாட்களில் விளையாட்டுத் திடலே ஏற்றது. கோடையில் கதிரவன் எழுமுன் முடித்துவிட வேண்டும்.

வில்லியனூர்–பாகூர் சாலை போன்ற வண்டிகள் விரையும் வழிகளில் ஓட நேர்ந்தால், எதிர்வரும் வண்டிகளைக் காணும்படி வலப்புறமாக, வெளிர்நிற உடையுடன் செல்லுதல் வேண்டும். ஏறத்தாழ 89ஆம் அகவையில் 2000ஆம் ஆண்டு இலண்டன் மாரத்தானை ஓடி முடித்து உலகை வியக்க வைத்த ஃபௌஜா சிங், 2025 சூலைத் திங்களில் பஞ்சாபில் தம் ஊரருகே வண்டி மோதி உயிர் நீத்தார். முதுமை வீழ்த்தாத அப்பெரியாரைச் சாலை வீழ்த்திவிட்டது.

நோன்புக் காலத்தில் கூட்டுதல் கூடாது, பேணுதல் போதும். நோன்பு திறப்பதற்குச் சற்று முன் மெல்ல 20 நிமிடமோ, தராவீஹ் தொழுகைக்குப் பின்னரோ ஓடலாம். தலை சுற்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

எச்சரிக்கை

ஓடுகையில் நெஞ்சுவலி, மயக்கம், அளவிறந்த மூச்சுத்திணறல் தோன்றின் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரை நாடுதல் கட்டாயம். எலும்பில் ஒரே இடத்தில் தொட்டால் நோவது தொடருமாயின் ஓய்வு தேவை. நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ கொள்பவர் மருத்துவரைக் கலந்தபின்னரே பயிற்சியைக் கூட்டவும், நோன்புடன் ஓடுவது பற்றி முடிவு செய்யவும் வேண்டும். அவர்கள் வெறுங்காலுடன் ஓடலாகாது. நாள்தோறும் பாதங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை தாழ்ந்தால் உண்ணச் சிறிது இனிப்பையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும்.

பெண்டிரும் பெரியோரும்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் பயணமொன்றில் ஓட்டப்பந்தயம் ஓடினர், அன்னையார் முந்தினார். ஆண்டுகள் சில கழிந்து மீண்டும் ஓடியபோது நாயகம் (ஸல்) அவர்கள் முந்தி, முன்னதற்கு இது ஈடு என்று இன்முகத்துடன் கூறினார்கள் என்பது நபிமொழித் தொகுப்புகளில் காணும் செய்தி. இதனை அறிந்த நாம், நம் இல்லத்துப் பெண்களுக்கு நடக்கவும் ஓடவும் இடமின்றி வைத்திருப்பது முறையாகுமா? ஏரிக்கரை அவர்களுக்கு எளிதில் வாய்ப்பதில்லை. சமுதாயப் பெரியோர் முன்வந்து, கல்வி நிலையத் திடல்களைக் காலையிலோ மாலையிலோ ஒரு மணி நேரம் பெண்டிர்க்கென ஒதுக்கச் செய்வாராயின், பல குடும்பங்கள் நலம் பெறும்.

தனியே ஓடுபவர் மழையென்றும் வெயிலென்றும் நின்றுவிடுவர். சுல்தான்பேட்டை இளைஞர் நால்வரோ, பாகூர் உழவர் மூவரோ சுபுஹுக்குப் பின்னர், வைகறையில் ஒன்றுகூடி ஓடினால் ஒருவரை ஒருவர் எழுப்பிக்கொள்வர். இடையில் இரு வாரம் நின்றுபோயினும் வெட்கப்பட வேண்டா. ஏழாம் வாரப் பயிற்சிக்குத் திரும்பித் தொடங்கினால், விட்டதைப் பெரும்பாலும் விரைவில் எட்டிவிடலாம்.

இறைவனுக்கு மிக உவப்பான செயல், சிறிதாயினும் இடைவிடாது செய்யப்படுவதே என்பது நபிகளார் காட்டிய நெறி. ஒன்பது வாரம் ஓடியவர் அதற்குத் தகுதி பெற்றுவிட்டார். பத்தாம் வாரத்தின் முதல் நாளும் வழக்கம்போல் காலணி அணிந்து புறப்படுவதே அவர் அடுத்துச் செய்ய வேண்டுவது.