ஆட்டம் நடக்கும்போது வெளியே இருப்பவர் உள்ளே வரலாமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

தருமபுரியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போனால் வத்தல்மலை. காபி, மிளகுத் தோட்டங்களுக்கும் சாமைக் கொல்லைகளுக்கும் நடுவே கொஞ்சம் சமதளம் கிடைத்தால் அதுவே மைதானம். இப்படிப்பட்ட இடங்களில் வீரர்களுக்குத் தனி பெஞ்சு இருக்காது, பவுண்டரிக் கயிறும் இருக்காது. பேட்டிங் அணியில் மிச்சமிருப்பவர்கள், அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருப்பவர்கள், ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் கோட்டை ஒட்டி மர நிழலில் உட்கார்ந்துவிடுவார்கள். உயரக் கிளம்பிய பந்தைப் பார்த்தபடி ஓடிவரும் ஃபீல்டர் அவர்கள்மீது மோதுவார். அல்லது உட்கார்ந்திருப்பவர் பந்தை எடுத்து உள்ளே எறிந்துவிடுவார். அதற்குப் பிறகு ஆட்டத்தைவிட வாக்குவாதமே நீளும்.

இந்தச் சிக்கலை மிக நுணுக்கமாக யோசித்து விதி எழுதிவைத்திருக்கும் ஆட்டம் பேஸ்பால். நம் கிரிக்கெட் வீரர்களுக்கும் அதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

பேஸ்பாலில் டக்-அவுட்டை (வீரர்கள் அமரும் இடத்தை) விட்டு வெளியே கால் வைத்தாலே குற்றமா?

ஆட்டத்தில் இருப்பவர்கள், அடுத்துக் களமிறங்கத் தயாராகிறவர்கள், முதல் பேஸ், மூன்றாம் பேஸ் அருகே நிற்கும் பயிற்சியாளர்கள் ஆகியோரைத் தவிர மற்றவர்கள் பெஞ்சிலேயே இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் விதி. மீறினால் நடுவர் எச்சரிப்பார். மீண்டும் மீறினால் வெளியேற்றலாம். ஆனால், வெளியே நின்றார் என்பதற்காக மட்டும் யாரும் அவுட் ஆவதில்லை, ரன்னும் கழிக்கப்படுவதில்லை. வெளியே வந்தவர் ஆட்டத்துக்குக் குறுக்கே நின்றாரா என்பதுதான் கேள்வி. நின்றிருந்தால் தண்டனை கடுமையாகிவிடும்.

பந்தைப் பிடிக்க ஃபீல்டர் டக்-அவுட் பக்கமே ஓடிவந்தால்?

பேட்டிங் அணியினர் எழுந்து வழிவிட வேண்டும். டக்-அவுட்டுக்குள் உட்கார்ந்திருந்தாலும் அந்த இடத்தைக் காலி செய்தே ஆக வேண்டும் என்று விதி தெளிவாகச் சொல்கிறது. வழிவிடாமல் இடைஞ்சல் செய்தால், அடித்த பந்து என்றால் அடித்தவர் அவுட். ஃபீல்டர் எறிந்த பந்து என்றால், யாரை அவுட் ஆக்க அது எறியப்பட்டதோ அந்த ஓட்டக்காரர் அவுட். ஃபீல்டருக்கும் வரம்பு உண்டு. டக்-அவுட்டுக்குள் கையை நீட்டிப் பிடிக்கலாம், உள்ளே கால் வைத்துப் பிடிக்கக் கூடாது.

கிரிக்கெட்டில் நிலைமை வேறு. எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர் மேல் பந்து பட்டால் அது பவுண்டரி, அதில் குழப்பமில்லை. கோட்டுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர்தான் பிரச்சினை. களத்துக்குள் இருக்கும் ஒரு மனிதராலோ விலங்காலோ பொருளாலோ ஏதாவது ஓர் அணி பாதிக்கப்பட்டால் நடுவர் ‘டெட் பால்’ அறிவிக்க வேண்டும் என்று கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. 2022 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதி சொல்கிறது. பாதிப்பு நீங்கும், ஆனால் கேட்ச் கிடைக்காது. ஃபீல்டிங்கைத் தடுத்ததற்கான அவுட், களத்தில் நிற்கும் இரண்டு பேட்ஸ்மேன்களுக்கு மட்டுமே பொருந்தும். நிழலில் உட்கார்ந்த சக வீரர் செய்த இடைஞ்சலுக்காக பேட்ஸ்மேனை அவுட் கொடுக்க முடியாது. பேஸ்பால் விதிதான் இதில் நியாயமானது என்பது என் கருத்து.

ஃபீல்டிங் அணியில் ஓய்வுக்குப் போனவர் சொல்லாமல் உள்ளே வந்து பந்தைத் தடுத்தால்?

இதற்கு கிரிக்கெட் கொடுக்கும் தண்டனை பலருக்குத் தெரியாது. நடுவரின் அனுமதியின்றித் திரும்பிய வீரர் மேல் ஆட்டத்தில் இருக்கும் பந்து பட்டால், பந்து அந்த நொடியே டெட். பேட்டிங் அணிக்கு 5 ரன் அபராதமாகச் சேரும். ஓடி முடித்த ரன்களும், அந்நேரம் பேட்ஸ்மேன்கள் ஒருவரையொருவர் கடந்திருந்தால் அந்த ரன்னும் கிடைக்கும். அந்தப் பந்து ஓவர் கணக்கிலும் வராது. தண்ணீர் குடிக்கப் போனவர்கள் நடுவரிடம் சொல்லிவிட்டு உள்ளே வருவது நல்லது.

சிறுபிள்ளைகள் ஓடிவந்துவிடுகிறார்களே, அவர்களுக்கு என்ன விதி?

பிள்ளைகளுக்கு விதி போட முடியாது. அவர்களை எங்கே உட்காரவைப்பது என்று பெரியவர்களுக்குத்தான் விதி போட வேண்டும். 2002 அக்டோபர் 24 அன்று சான்பிரான்சிஸ்கோவில் மேஜர் லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம். ஜயன்ட்ஸ் அணி மேலாளர் டஸ்டி பேக்கரின் மகன் டேரனுக்கு அப்போது வயது 3. வீரர்கள் விட்டுச்செல்லும் மட்டைகளை எடுத்துவரும் சிறுவர்களில் அவனும் ஒருவன். கென்னி லாஃப்டன் பந்தை அடித்துவிட்டு ஓட, அவர் போட்ட மட்டையை எடுக்க டேரன் நேராக, ரன் முடியும் இடமான ஹோம் பிளேட்டுக்கே ஓடிவிட்டான். பந்து இன்னும் ஆட்டத்தில் இருக்கிறது. ஜே.டி. ஸ்னோ ரன்னை முடித்துக் கடக்கிறார், அவருக்குப் பின்னாலேயே டேவிட் பெல் முழு வேகத்தில் வந்துகொண்டிருக்கிறார். ஸ்னோ ஓடுகிற ஓட்டத்திலேயே சிறுவனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு விலகினார். கொஞ்சம் தவறியிருந்தாலும் பெரிய காயம்தான். அதன் பிறகு, மட்டை எடுக்கும் சிறுவர்களுக்கு 14 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்று மேஜர் லீக் கட்டாயமாக்கியது. அந்த டேரன் பேக்கர் வளர்ந்து 2024 செப்டம்பரில் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணிக்காகக் களமிறங்கினார்.

அவ்வளவு பெரிய அரங்கத்திலேயே இப்படி நடந்தது. கயிறில்லாத மலை மைதானத்தில் பந்து பொறுக்க ஓடும் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்று ஆட்டம் தொடங்கும் முன்பே ஒருவரிடம் சொல்லிவைக்க வேண்டாமா?

வெற்றி உறுதியானதும் எல்லோரும் உள்ளே ஓடலாம்தானே?

ரன் முடியும்வரை பொறுக்க வேண்டும். 1999 அக்டோபர் 17 அன்று நியூயார்க் மெட்ஸ், அட்லாண்டா பிரேவ்ஸ் அணிகள் 15-வது இன்னிங்ஸில் 3-3 என்று சமநிலை. மூன்று பேஸ்களிலும் ஆட்கள் இருக்க, மெட்ஸ் வீரர் ராபின் வெஞ்சுரா பந்தைச் சுவருக்கு அப்பால் அடித்தார். நான்கு ரன் கிடைக்க வேண்டிய அடி. ஆனால் முதல் பேஸிலிருந்து ஓடிய டாட் பிராட் திரும்பிவந்து அவரைத் தூக்கிக்கொண்டார், டக்-அவுட்டில் இருந்தவர்களும் வந்து மொய்த்துவிட்டார்கள். வெஞ்சுரா இரண்டாம் பேஸைத் தொடவே இல்லை. அது ஒரு ‘சிங்கிள்’ என்றே பதிவானது, ஆட்டம் 4-3 என்று முடிந்தது. வெற்றிக்கு ஒரு ரன் போதும் என்பதால் தப்பித்தார்கள்.

நடுவர் தவறு செய்தால் கேப்டன் உள்ளே போய்க் கேட்கக் கூடாதா?

2019 ஏப்ரல் 11, ஜெய்ப்பூரில் ஐ.பி.எல். ஆட்டம். ராஜஸ்தானுக்கு எதிரான கடைசி ஓவரில் நடுவர் நோ-பால் சைகை காட்டிவிட்டு அது திரும்பப் பெறப்பட்டதும், அவுட் ஆகி வெளியே இருந்த சென்னை கேப்டன் தோனி களத்துக்குள்ளேயே நடந்துவந்தார். சென்னை கடைசிப் பந்தில் வென்றது. தோனிக்குப் போட்டி ஊதியத்தில் பாதி அபராதம். அன்று தோனி பக்கம் நின்ற ரசிகர்களில் நானும் ஒருவன். ஆனாலும் அபராதம் சரியே. பந்து அப்போது ஆட்டத்தில் இல்லை, ஆனால் அவுட் ஆனவருக்குக் களத்தில் வேலை இல்லை. 2022-ல் இதேபோன்ற நோ-பால் தகராறில் டெல்லியின் துணைப் பயிற்சியாளர் பிரவீண் ஆம்ரே உள்ளே போனார். முழு ஊதியமும் போனது, ஓர் ஆட்டத் தடையும் வந்தது. இதற்கான சரியான வழி 2023-ல்தான் ஐ.பி.எல்.லில் திறந்தது: வைடு, நோ-பாலுக்கும் களத்தில் இருப்பவரே ரிவ்யூ கேட்கலாம்.

கபடியில் வெளியே நின்று சத்தம் போடலாமா?

பார்வையாளர் கத்தலாம். ஆனால் பாடிப்போகிறவருக்கு அவரது அணியினரே எச்சரிக்கையோ யோசனையோ சொன்னால் எதிரணிக்கு ஒரு புள்ளி.

சரி, எங்கள் மைதானத்தில் நாங்கள் என்ன செய்வது?

எல்லைக்கோடு எது, உள்ளே நிற்கும் மரத்தில் பந்து பட்டால் என்ன கணக்கு என்பதை டாஸுக்கு முன்பே முடிவு செய்துகொள்ள விதியே இடம் தருகிறது. இங்கிலாந்தின் கேன்டர்பரி மைதானத்துக்குள் நின்ற லிண்டன் மரத்தில் பந்து பட்டால் 4 ரன் என்ற ஏற்பாடு பல்லாண்டுகள் இருந்தது. அதே பேச்சில் இன்னும் இரண்டு விஷயங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேட்டிங் அணி உட்காரும் இடம் கோட்டிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்கட்டும். பிள்ளைகளை அதற்கும் பின்னால் உட்காரவையுங்கள். சுண்ணாம்புத் தூளில் ஒரு கோடு போட்டுவிட்டு டாஸ் போடுங்கள்.