கம்பியற்ற இணையப் பாலம்

கம்பியற்ற இணையப் பாலம் என்பது ஒரு கட்டடத்திலுள்ள இணைய இணைப்பை, கம்பி இழுக்காமல், வானலைகள் வழியாக வேறொரு கட்டடத்திற்கு நீட்டிக்கும் அமைப்பு ஆகும். வீட்டு இணைப்பைத் தோட்டத்து அலுவலறைக்குக் கொண்டுசெல்ல இது பயன்படுகின்றது.

செயற்படும் முறை

வீட்டுத் திசைவியின் அலைகள் எல்லாப் பக்கமும் பரவிச் சுவர்களில் வலுவிழக்கின்றன. பாலத்திலோ இரு ஆன்டெனாக்கள் ஒன்றையொன்று நோக்கிப் பொருத்தப்படுவதால் ஆற்றல் ஒரே திசையில் குவிகின்றது. இடையில் மரமோ கட்டடமோ மறைத்தல் கூடாது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்சு அலைவரிசையை இதற்கு உரிமமின்றிப் பயன்படுத்த 2005 இல் வழி செய்யப்பட்டது.

மாற்று வழிகள்

செப்பு ஈத்தர்நெட் வடம் 100 மீட்டர் வரை எட்டும். எனினும் மின்னலால் எழும் மிகை மின்னழுத்தம் அதன் வழியே இரு முனைக் கருவிகளையும் பழுதாக்கக்கூடும். ஒளியிழை மின்சாரத்தைக் கடத்தாததால் இவ்விடர் இல்லை.

தேனியில் பயன்பாடு

இதே நுட்பம் 2000களில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சிற்றூர்க் கண் பரிசோதனை நிலையங்களுடன் இணைத்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு இதனை வடிவமைத்தது. நெடுந்தொலைவில் ஒப்புகைச் செய்தி தாமதமாவதால் வழக்கமான ஒய்-ஃபை திணறும். எனவே இரு முனைகளும் முறைவைத்து அனுப்புமாறு நெறிமுறை மாற்றப்பட்டது. சில இணைப்புகள் 15 கிலோமீட்டர் வரை நீண்டன. நோயாளிகள் தம் ஊரிலிருந்தே நிகழ்படம் வழியாக மருத்துவரின் ஆலோசனையைப் பெற்றனர்.