சீரொளிக் குழாய்வெட்டுச் சுழலி

சீரொளிக் குழாய்வெட்டுச் சுழலி என்பது, தட்டையான தகடுகளை வெட்டும் லேசர் அல்லது சீரொளி வெட்டுப்பொறியில் குழாய்களையும் வெட்டுவதற்காகப் பொருத்தப்படும் துணைக்கருவி ஆகும். பட்டறைகளில் இது 'ரோட்டரி' என்றே வழங்கப்படுகிறது. சுழலியைப் பொருத்தியதும் வெட்டுத்தலை குழாயின் நீளவாக்கில் மட்டுமே நகரும். குறுக்கு அச்சின் நகர்வுக்கு மாற்றாகக் குழாய் சுழலும்.

பயன்பாடு

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கருநாடக எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஓசூர், சிப்காட் தொழிற்பேட்டைகளைக் கொண்ட நகரம். டி.வி.எஸ். மோட்டார், அசோக் லேலண்டு ஆகியவற்றின் தொழிற்சாலைகள் இங்கு உள்ளன. இருசக்கர வண்டிச் சட்டங்கள், இருக்கைச் சட்டங்கள் போன்றவற்றில் குழாய்கள் மிகுதியாகப் பயன்படுகின்றன. ஒரு குழாயின் முனை மற்றொரு குழாயின் வளைவில் இடைவெளியின்றிப் பொருந்துமாறு வெட்டுவது மீன்வாய் வெட்டு எனப்படும். இவ்வெட்டு பிசகினால் பற்றவைப்பில் இடைவெளி விழும், இணைப்பு வலுவிழக்கும்.

வகைகள்

சக் வகை: குழாயின் முனையைத் தாடைகள் இறுகப் பற்றிச் சுழற்றும். உலோகக் குழாய்களை வெட்டுவதற்கு இதுவே ஏற்றது.

உருளை வகை: குழாய் இரு உருளைகளின்மீது கிடந்து உருளும். எடை குறைந்த குழாய் வழுக்கக்கூடும். ஆகவே இது பெரும்பாலும் பொறிப்பு வேலைக்கே பயன்படுகிறது.

பொருத்தும் முறை

# பொறியின் மின்சாரத்தை நிறுத்திய பின்னரே சுழலியின் மோட்டார் இணைப்பைச் செருகவேண்டும். மின்னோட்டம் உள்ளபோது செருகினாலோ கழற்றினாலோ மோட்டார் இயக்கி பழுதாகலாம்.
# சுழலியின் அச்சு, வெட்டுத்தலை நகரும் அச்சுக்கு இணையாக இருக்கவேண்டும். கதிர், குழாயின் உச்சிக்கோட்டில் இரு முனைகளிலும் விழுகிறதா என்று சரிபார்க்கவேண்டும்.
# டயல் கேஜை வைத்துக் குழாயை ஒரு சுற்றுச் சுற்றி, மையம் விலகியுள்ளதா என அளக்கவேண்டும். மையம் விலகினால் குவியத் தொலைவு சுற்றின் இடத்திற்கு இடம் மாறும். நீண்ட குழாயின் மறுமுனைக்குத் தாங்கி தேவை.
# ஒரு சுற்றுக்கான துடிப்புகளையும் விட்டத்தையும் கட்டுப்பாட்டு மென்பொருளில் இடவேண்டும்.

கணக்கீடு

மென்பொருள் குழாயை விரித்த தகடாகவே கருதுகிறது. அத்தகட்டின் அகலம் குழாயின் சுற்றளவு ஆகும். 50 மி.மீ. விட்டமுள்ள குழாயின் சுற்றளவு 157.08 மி.மீ. மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 3200 துடிப்புகளும், பற்சக்கர விகிதம் 3:1 ஆகவும் இருப்பின், குழாயின் ஒரு சுற்றுக்கு 9600 துடிப்புகள் தேவை. அதாவது ஒரு மி.மீ.க்கு ஏறத்தாழ 61 துடிப்புகள். விட்டத்தை 49 மி.மீ. எனத் தவறாக இட்டால், வெட்டின் தொடக்கமும் முடிவும் மூன்று மி.மீ.க்கு மேல் விலகும். எனவே பெயரளவு விட்டத்தை நம்பாமல் வெர்னியர் கொண்டு அளப்பது நன்று.

உருளை வகையில் இக்கணக்கு மாறுபடும். அங்கு இடவேண்டியது உருளையின் விட்டமே. குழாயின் விட்டம் அன்று.

சதுரக் குழாயில் மையத்திலிருந்து பரப்பின் தொலைவு மாறிக்கொண்டே இருக்கும். கூர்மூலைகள் கொண்ட 40 மி.மீ. சதுரக் குழாயில் பக்கத்தின் நடுவுக்கு 20 மி.மீ., மூலைக்கு 28.28 மி.மீ. ஆகவே சுழலும்போதே வெட்டுத்தலையும் ஏறி இறங்கவேண்டும்.

சோதனை

குழாயின்மீது காகிதத்தைச் சுற்றி ஒட்டி, குறைந்த திறனில் ஒரு முழுச்சுற்றுக் கோடு வரையவேண்டும். கோட்டின் இரு முனைகளும் ஒன்றுசேர்ந்தால் அளவு சரி. முனைகள் ஒன்றின்மீது ஒன்று ஏறினால் இட்ட விட்டம் குறைவு. இடைவெளி விழுந்தால் மிகுதி. பக்கவாட்டில் விலகினால் அச்சின் இணைநிலையையும் குழாய் நழுவுவதையும் ஆராயவேண்டும்.

பாதுகாப்பு

குழாயின் மேற்சுவரைத் துளைத்த கதிரும் உருகிய உலோகத் தெறிப்பும் எதிர்ச்சுவரின் உட்புறத்தைச் சேதப்படுத்தக்கூடும். துத்தநாகம் பூசிய குழாயை வெட்டும்போது எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும். புகை உறிஞ்சி இன்றியமையாதது. பி.வி.சி. குழாயைச் சீரொளியால் வெட்டவே கூடாது. அதிலிருந்து வெளிவரும் ஐதரசன் குளோரைடு வளி நுரையீரலையும் பொறியையும் ஒருசேரக் கெடுக்கும்.