தமிழ்நாட்டின் முதல் முதல்வர் யார்? ஒரே கேள்விக்கு 5 பதில்... பொது அறிவுக் கேள்விகள் நம்மை மடக்குவது எப்படி?

மலையாளத்தின் முதல் பேசும் படத்தைத் தயாரித்த கம்பெனி எந்த ஊர்? சேலம் மாவட்டம் கெங்கவல்லியில் ஒரு டீக்கடை பெஞ்சில் இந்தக் கேள்வியைப் போட்டால் கொச்சி, திருவனந்தபுரம், சென்னை என்றுதான் முதலில் பதில் வரும். ஆனால் சரியான விடை, அவர்களுடைய சொந்த மாவட்டத் தலைநகரான சேலம்!

1938-ல் வெளியான 'பாலன்' படத்தைத் தயாரித்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். எம்.ஜி.ஆர். நடிப்பில் 1956-ல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படமும் இவர்களுடையதுதான். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் அது.

இப்படி ஒருவரை ஒருவர் மடக்கும் கேள்விகள் பொழுதுபோக்கு மட்டும் இல்லை. அரசு வேலைக்குப் படிப்பவர்களுக்கு இது மார்க் விஷயம்.

தேர்வில் என்ன சிக்கல்?

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள். அதாவது ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். இதில் 75 கேள்விகள் பொது அறிவிலிருந்து வருகின்றன. பல லட்சம் பேர் எழுதும் தேர்வில் ஒரே ஒரு கேள்வி போனாலும் தரவரிசையில் பல இடங்கள் கீழே போய்விடும்.

கஷ்டப்பட்டுப் படித்தவர்கூட சில கேள்விகளில் தவறுவது ஏன்? பல நேரம் விடை தெரியாததால் அல்ல. கேள்வியில் உள்ள ஒரு சொல்லைக் கவனிக்காததால்தான்.

மூளை எங்கே வழுக்குகிறது?

ஒரு சின்ன சோதனை. அசோகவனத்தில் திரௌபதியிடம் கணையாழியைக் கொடுத்தவர் யார்?

'அனுமன்' என்று சட்டென்று தோன்றியிருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அசோகவனத்தில் இருந்தது சீதை, திரௌபதி இல்லை. அசோகவனம், கணையாழி என்ற சொற்களைப் பார்த்ததுமே மூளை விடைக்குத் தாவிவிடுகிறது. நடுவில் மாறிப்போன பெயரைக் கண்டுகொள்வதில்லை. பைபிள் கதையில் நோவாவுக்குப் பதிலாக மோசேயின் பெயரைப் போட்டுக் கேட்டு, இதே குழப்பத்தை 1981-ல் அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 'மோசே மாயை' என்று இதைச் சொல்வார்கள்.

புவியியலிலும் இதே கதைதான். 'இந்தியாவின் தென்கோடி முனை எது?' என்றால் பலரும் கன்னியாகுமரி என்பார்கள். 'இந்தியப் பெருநிலத்தின்' என்று கேட்டால்தான் அது சரி. வெறுமனே 'இந்தியாவின்' என்றால் விடை, கிரேட் நிக்கோபார் தீவில் உள்ள இந்திரா முனை.

முதல் முதல்வர் யார்?

கேள்வி ஒன்றுதான். எப்படிக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து பதில் மாறும்.

• சென்னை மாகாணத்தின் முதல் பிரதம அமைச்சர் (1920): சுப்பராயலு ரெட்டியார்
• நாடு விடுதலை அடைந்தபோது (1947): ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார்
• இந்தியா குடியரசானபோது (1950): பி.எஸ். குமாரசாமி ராஜா
• முதல் பொதுத்தேர்தலுக்குப் பிறகு (1952): ராஜாஜி
• 'தமிழ்நாடு' என்ற பெயர் நடைமுறைக்கு வந்தபோது (1969): அண்ணா

தேதியிலும் இதே குழப்பம் உண்டு. மொழிவாரி மாநிலங்கள் அமைந்தது 1956 நவம்பர் 1. பெயர் மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது 1967 ஜூலை 18. பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. மூன்று தேதிகளும் சரியானவைதான். எந்தத் தேதியைக் கேட்கிறார்கள் என்று பார்ப்பதில்தான் மார்க் இருக்கிறது.

பழைய புத்தகம், பழைய பதில்

'கொல்லிமலை எந்த மாவட்டம்?' என்ற கேள்விக்கு ஒரு காலத்தில் சேலம் என்பதே சரியான விடை. 1997 ஜனவரி 1-ல் நாமக்கல் தனி மாவட்டமானதும் விடையும் மாறிவிட்டது. கெங்கவல்லி சட்டமன்றத் தொகுதியும் இப்படித்தான். தொகுதி மறுவரையறைக்குப் பிறகு 2011-ல்தான் அதற்கு முதல் தேர்தல் நடந்தது. அதற்கு முன்பு இருந்த தலைவாசல் தொகுதி இப்போது இல்லை.

ஒரே பெயரில் இரண்டு இருந்தால் இன்னும் வம்பு. கெங்கவல்லி பகுதியில் ஓடும் சுவேத நதி, ஆத்தூர் வழியாக வரும் வசிஷ்ட நதியோடு சேர்ந்து வெள்ளாறாகி, பரங்கிப்பேட்டை அருகே கடலில் கலக்கிறது. ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்திலும் ஒரு வெள்ளாறு ஓடுகிறது. 'வெள்ளாறு எங்கே கடலில் கலக்கிறது?' என்று மொட்டையாகக் கேட்டால், இரண்டு பேர் இரண்டு பதில் சொல்லிச் சண்டை போடலாம். இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கும்!

என்ன செய்யலாம்?

நண்பர்களோடு கேள்விகளைப் பரிமாறும்போது விடையை மட்டும் அனுப்பாமல், அது எந்த ஆண்டு நிலவரம் என்பதையும் சேர்த்து அனுப்புவது நல்லது. 'முதல்', 'மிக உயரமான', 'தற்போது', 'தவறானது எது' போன்ற சொற்களுக்கு அடிக்கோடு போட்டுப் படிக்கலாம். வாட்ஸ்ஆப்பில் வந்த விடையைப் பள்ளிப் பாடப்புத்தகத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

தேர்வுக்குப் பிறகு டிஎன்பிஎஸ்சி உத்தேச விடைகளை வெளியிடும். தவறு இருந்தால் குறிப்பிட்ட நாள்களுக்குள், ஆதாரத்தோடு ஆட்சேபம் தெரிவிக்கலாம். அப்போது 'ஃபிரெண்டு சொன்னான்' என்பது எடுபடாது. புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்ட வேண்டும்.